சொந்த வீட்டு விருந்தாளி

"பேதுரு சாமி நாளன்னைக்கு ரொட்டிய வுகாஷினும் பிடிக்கணும், மாமா."

ஸ்தானா சொல்லியே விட்டாள். ராஸ்பெரிச் செடி வரிசைக்கு அந்தப் பக்கம் நின்று பறித்துக்கொண்டிருந்த மாமனார் ராதிசாவின் கை நிற்கவில்லை. பழுத்த பழம் விரல் பட்டதும் கழன்று வரும், வெள்ளைக் காம்பு செடியிலேயே நின்றுவிடும். அப்படி இன்னும் நாலைந்து பழம் அவர் இடுப்பு வாளியில் விழுந்தது.

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று அவள் புருஷன் மிலோயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். மாமியார் கொசானா ஒருபடி மேலே போய், கேட்டால் மாவு பிசைவதை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொள்வேன் என்று மிரட்டியிருந்தாள்.

"வாளி நெறஞ்சிருச்சா?" என்றார் ராதிசாவ்.

"நான் ஒண்ணு சொன்னேன்."

"கேட்டுச்சு. காது நல்லாத்தான் இருக்கு. வாளி நெறஞ்சிருச்சான்னு கேக்குறேன்."

"நெறையல. வுகாஷின் யாரோட பேரன்?"

"என் பேரன். இல்லன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"அப்ப அவனும் பிடிக்கட்டும்."

"யான்கோ பிடிப்பான். அதுக்குத்தான் பெரியவன் ஓப்ராத் வியன்னாவுலேருந்து தன் மகனக் கூட்டிட்டு வர்றான்."

"யான்கோவுக்கு அஞ்சு வயசு. நம்ம பேச்சுல தண்ணி கேக்கத் தெரியாது. போன வருசம் கோழி கொத்துனதுக்கு ஜெர்மன்ல அழுதான்."

"கத்துக்குவான்."

"என் பையன் கத்துக்கிட்டான். ஜெபம் முழுசும் சொல்லுவான்."

"யாருக்குப் புரியும்?"

"எனக்குப் புரியும். உங்களுக்கும் புரியும். பேதுருவுக்கு மட்டும் புரியாதா?"

கிழவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மீசைக்குள்ளேயே மடக்கிக்கொண்டு, தலைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். காலையிலேயே வெயில் ஏறி அடித்தது. ஒரு வாரமாக இப்படித்தான். மலைக்கு மேலே கறுப்பாக ஏதோ கூடுவதும் கலைவதுமாக இருந்தது. ஒரு மழை இறங்கினால் போதும், பழமெல்லாம் பூஞ்சை பிடித்துச் செடியிலேயே சாம்பலாகிவிடும்.

"மருமவளே, கேளு. ரொட்டி பிடிக்கிறவன்தான் நாளைக்கு இந்த வீட்டையும் சாமியையும் கல்லறையையும் பாத்துக்கப் போறவன். வுகாஷின் செப்டம்பர்ல டவுன்ல இந்த மாதிரிப் பிள்ளைங்க இருக்குற விடுதிக்குப் போறான். பேசி முடிச்சாச்சு. போறவன் இங்க ரொட்டி பிடிச்சு என்ன ஆவப்போவுது?"

"அதுக்குத்தான் கேக்குறேன். ரொட்டி பிடிச்ச ஆம்பளப் பிள்ளைய இந்த ஊர்ல எந்த வீட்லயும் வெளிய தள்ளுனதில்ல."

இப்போது ராதிசாவின் கை நின்றது.

"படிச்ச புத்தி வேல செய்யுது" என்றார். "எஞ்சினியரம்மா கணக்கு போட்டுட்டாங்க. நானும் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. அன்னைக்கு நீயும் அவனும் மேல ஆட்டுப்பட்டிக்குப் போயிருங்க. வருசா வருசம் போற மாதிரி. விருந்தாளிங்க போனதும் இறங்கி வரலாம்."

வரிசையின் கடைசியில், கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்து வுகாஷின் பறித்துக்கொண்டிருந்தான். ஏழு வயது முடியப்போகிறது. குட்டையான விரல்கள், சற்று மேல்நோக்கிய சின்னக் கண்கள், எப்போதும் கொஞ்சம் வெளியே நிற்கும் நாக்கு. மற்றவர்கள் ஒரு வாளி நிரப்பும் நேரத்தில் அவன் ஒரு கிண்ணம் நிரப்புவான். "தாத்தா!" என்று கூவி ஒரு பழத்தைத் தூக்கிக் காட்டினான். ராதிசாவ் வரிசை நெடுக நடந்துபோய், அதை வாயில் வாங்கிக்கொண்டு, புளித்ததுபோல் முகத்தைக் கோணலாக்கிக் காட்டினார். பையன் பெட்டியிலிருந்து விழுந்துவிடுவான்போல் சிரித்தான்.

பேரன் மேல் கிழவருக்குப் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் ஸ்தானாவே மறுத்துப் பேசுவாள். அதுதான் அவளுக்கு எரிச்சலே. பாசமெல்லாம் வேலிக்கு உள்ளே. வெளிக்கதவில் ஆள் சத்தம் கேட்டால் போதும், பிள்ளை பின்கட்டுக்குப் போய்விட வேண்டும்.

அவள் ஊர் இன்னும் மேலே, பஸ் போகாத இடம். பெண் பிறப்பு இத்தோடு நிற்கட்டும் என்று, 'நின்றது' என்று பொருள்பட அப்பன் வைத்த பெயர் ஸ்தானா. நிற்கவில்லை, பின்னால் இன்னும் இருவர் பிறந்தார்கள். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். பழம் பதப்படுத்தும் படிப்பு படித்து, அடிவாரக் குளிர்கிடங்கில் தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்தாள். பழம் இறக்க வந்த மிலோயே நல்லவனாகத் தெரிந்தான். நல்லவன்தான். நல்லவனாக இருந்தே ஒருத்தியைக் கொல்ல முடியும் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

பிள்ளை பிறந்த அன்று மருத்துவர் கட்டிலோரம் உட்கார்ந்து, "சின்ன வயசு உங்களுக்கு. இன்னொண்ணு பெத்துக்கலாம். இத இங்கயே விட்டுட்டுப் போறவங்களும் இருக்காங்க" என்றார். ஏதோ நல்ல யோசனை சொல்வதுபோல்தான் சொன்னார். மிலோயே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "துணிய எடுத்துக் குடு. வீட்டுக்குப் போறோம்" என்று ஸ்தானாதான் சொன்னாள். அன்றைக்குச் சுவரைப் பார்க்கத் தொடங்கியவன் இன்னும் திரும்பவில்லை.

அப்புறம் எல்லாமே தாமதம். கழுத்து நிற்க, உட்கார, நடக்க. இதயத்தில் ஓட்டை, அதை அடைக்க ஓர் அறுவை. வாய்த் தசை இறுக வேண்டும் என்று உறிஞ்சுகுழலால் தண்ணீரில் குமிழி ஊதவைத்தாள். ஒரு சட்டைப் பொத்தானைப் போடப் பழகுவதற்குள் ஒரு குளிர்காலம் முடிந்தது. "பாட்டி" என்று அவன் முதல்முறை தெளிவாகச் சொன்னபோது கொசானா பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அடுத்த நிமிஷமே பக்கத்து வீட்டுக்காரி வருவதைப் பார்த்து, "உள்ள கூட்டிட்டுப் போ அவன" என்றாள்.

விழாவுக்கு முந்தின நாள் கொசானா ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். இந்த விழாவுக்கு ஸ்லாவா என்று பெயர்; படிப்பவர்களுக்குப் புரிய வேண்டுமானால் குலசாமி நாள் என்று சொல்லலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புனிதர், அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்குகிறவர். இந்த வீட்டுக்குப் பேதுரு. அவர் நாளில் வீட்டு ஆண்கள் சேர்ந்து ரொட்டியைப் பிடித்துச் சுற்றி ஜெபம் சொல்வார்கள். ரொட்டியின் மேலே வைக்க மாவிலேயே குருவியும் திராட்சைக் கொத்தும் செய்துகொண்டிருந்தாள் மாமியார். ஸ்தானா வேகவைத்த கோதுமையை வடித்து, வால்நட் பருப்பை இடித்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுட்டியாமே" என்றாள் கொசானா.

"கேட்டுட்டேன். நீங்க இன்னும் படுக்கலையே."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. கல்யாணமாகி வந்ததுலேருந்து இந்த ரொட்டிய நான்தான் சுடுறேன். பிடின்னு என் கைய யாரு கேட்டா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"உங்களை விடுதிக்கு அனுப்பலையே அத்த."

கொசானா குருவிக்கு மிளகில் கண் வைத்தாள்.

"நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா அவன யாரு குளிப்பாட்டுவா? நீ வேலைக்குப் போயிருவ. இவன் அப்பன் ஒரு நாளாவது அவன் நகத்த வெட்டியிருப்பானா? அங்க எல்லாம் பழக்கிக் குடுப்பாங்களாம். சனி ஞாயிறு கூட்டிட்டு வரலாம்."

"நான் போய்ப் பாத்தேன். நல்லவங்கதான். சுத்தமா இருக்கு. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி முடி வெட்டியிருக்கு. நான் நின்ன நேரம் முழுக்க ஒரு பிள்ளையக்கூட யாரும் பேர் சொல்லிக் கூப்பிடல."

"பேர் சொன்னா சோறு கெடைக்குமா?"

"இவனுக்கு அம்மா இருக்கா, சோறு இருக்கு. எதுக்கு அங்க போகணும்?"

"ஊருக்குத் தெரியும் ஸ்தானா. எல்லாருக்கும் தெரியும். ஆனா தெரியுறது வேற, மேசையில கொண்டுவந்து உக்கார வைக்கிறது வேற. அவரால முடியாது. அவ்வளவுதான். அந்த மனுசனுக்கு மானம்தான் சோறு."

அன்று அந்தி சாயும் நேரத்தில் ராதிசாவ் கொட்டில் முற்றத்தில் தீவட்டி கட்டினார். காட்டுச் செர்ரிப் பட்டையைச் சுருட்டிக் குச்சியில் செருகிக் கொளுத்தி, பேதுரு நாளுக்கு முன் மாலை பையன்கள் ஆட்டுக்கொட்டிலைச் சுற்றி ஓடுவார்கள். ஓப்ராத் வியன்னாவிலிருந்து வந்திருந்தான். அவன் மகன் யான்கோ நெருப்பைப் பார்த்ததும் அம்மாவின் பாவாடைக்குள் ஒளிந்துகொண்டான். வுகாஷின் தீவட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஊளையிட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி ஓடினான். பின்னாலேயே கிழவரும் ஓடினார், மூச்சு வாங்க, "ஓடுடா என் ஓநாய்! ஓடு!" என்று.

ஸ்தானா தண்ணீர்த் தொட்டியருகே மிலோயேவைப் பிடித்தாள்.

"பாத்தியா உங்கப்பாவ?"

"பாத்தேன்."

"நாளைக்கு நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும். ரொட்டிய எடுக்கும்போது, 'வாடா மகனே'ன்னு. அவ்வளவுதான். உன் கை அதுல இருக்கும். உன்ன யாரும் தள்ளிவிட முடியாது."

"அப்பா சொல்லிட்டாரு ஸ்தானா."

"அப்பா சொல்லிட்டாரு. மருத்துவர் சொல்லிட்டாரு. அண்ணன் சொல்லிட்டாரு. நீ எப்பச் சொல்லுவ?"

"வெயில் தாழட்டும், பேசுவோம்" என்றான். வெயில் தாழ்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

பேதுரு நாளில் யாரும் பழம் பறிக்கமாட்டார்கள். நாளைக்கே மழை கொட்டும் என்று தெரிந்தாலும் சரி, பறித்தால் சாமிக் குற்றம். கனிந்த பழம் தானாகக் கழன்று வரிசை நெடுக விழுந்து கிடந்தது, குளவி மொய்த்தது. வானம் தாழ இறங்கிப் பிசுபிசுத்தது. ரொட்டியும் பாலாடையும் துணியில் முடிந்துகொண்டு, பையனைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்தானா ஒரு பேச்சும் பேசாமல் பின்வாசல் வழியாகப் பட்டிக்கு ஏறினாள். அவள் இவ்வளவு சுலபமாகப் போவதைப் பார்த்து மிலோயேவின் முகத்தில் தெரிந்த நிம்மதியை அவள் கவனிக்காமல் இல்லை.

பட்டியில் பையனுக்கு முகம் கழுவிவிட்டாள். முடிச்சின் அடியில் மடித்து வைத்திருந்த புது வெள்ளைச் சட்டையை எடுத்தாள். பொத்தான்களை அவனே போட்டான். கடைசிப் பொத்தான் வரும்வரை அவள் பொறுமையாக நின்றாள். அப்புறம் பட்டிப் பாதையை விட்டு, தார் ரோட்டைச் சுற்றிக்கொண்டு, ஊர் நடுவே நடந்து, வீட்டின் முன்கதவுக்கு வந்தாள்.

ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. நினைவிருக்கிறவன் வருவான். வாசலில் வந்து வாழ்த்துச் சொன்னவனைத் திருப்பி அனுப்பும் வீட்டுக்காரன் இந்தப் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. வரப்புச் சண்டையில் மண்வெட்டி தூக்கினவனே வந்தாலும் தொப்பியைக் கழற்றி உள்ளே கூட்டிப்போக வேண்டும். அதை நம்பித்தான் வந்தாள்.

முற்றத்தில் பிளம் மரத்தடியில் நீள மேசை. ஊரே உட்கார்ந்திருந்தது. வீட்டு ஆண்கள் மட்டும் உட்காராமல், ராக்கியாச் சாராயக் குப்பியும் தட்டுமாக நின்று பரிமாறிக்கொண்டிருந்தார்கள். வுகாஷின் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு போய், வாரக்கணக்காகப் பழகியதைத் தொண்டை கிழியச் சொன்னான்.

"நல்ல ஸ்லாவா, வீத்துக்காயரே!"

பேச்சு நின்றது. பக்கத்து வீட்டுத் திஹோமிர் மட்டும் வாயில் இருந்த கறியோடு, "பாருய்யா, உன் பட்டியிலேருந்து கடா ஒண்ணு அவுத்துக்கிட்டு வந்துருச்சு ராதிசாவ்!" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் கிழவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

ராதிசாவ் படியிறங்கி வந்தார். தொப்பியைக் கழற்றினார். மருமகளை ஒரு கணம் பார்த்தார். என்ன செய்திருக்கிறாள் என்பது அவருக்கு முழுசாகப் புரிந்தது.

"வாங்க" என்றார். "வந்தது ரொம்பச் சந்தோசம். வாங்க, உக்காருங்க."

இத்தனை வருஷத்தில் அவர் அவளை 'வா' என்றுதான் சொல்லியிருக்கிறார். அந்த 'ங்க' அவள் காதில் கல்மாதிரி விழுந்தது.

கோதுமைத் தட்டு வந்தது. வுகாஷின் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி எடுத்தான், சிந்தாமல். அவர்களை மேசையின் நடுவில், ஊர்ப் பெரியவர்களுக்கு இடையே உட்காரவைத்தார்கள். நல்ல இடம். கொசானா சூப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சமையலறைக்குள் போனாள். மிலோயே பின்னால் நின்று வைன் ஊற்றினான்.

மெழுகுத்திரி ஏற்றினார்கள். கொசானா சுட்ட ரொட்டியை ஓப்ராத் எடுத்துவந்தான். எல்லோரும் எழுந்தார்கள். வுகாஷின் நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கி, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, யான்கோவின் பக்கத்தில் போய் நின்று கையை நீட்டினான்.

ராதிசாவ் குனிந்தார். குரல் உயரவில்லை. கடைசி ஆள்வரை கேட்டது.

"நீங்க அங்க நில்லுங்க தம்பி. எங்க வீட்ல விருந்தாளி ரொட்டியத் தொடுறதில்ல."

பையன் சிரித்தான். தாத்தா தன்னை 'நீங்க' என்கிறார், இது ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பான். திரும்பி வந்து அம்மா பக்கத்தில் நின்றுகொண்டான்.

நாலு ஜோடிக் கைகள் ரொட்டியைப் பிடித்தன. ஸ்தானா மிலோயேவையே பார்த்தாள். ஒரு வார்த்தை. வாய் திறந்தால் போதும். அவன் மெழுகுத்திரியைப் பார்த்தான். ரொட்டியைச் சுற்ற ஆரம்பித்தார்கள். யான்கோவின் கை பாதியில் நழுவியது, அவன் ஜெர்மனில் ஏதோ முனகினான், ஓப்ராத் அவன் மணிக்கட்டைப் பிடித்து மறுபடி வைத்தான். ரொட்டியில் சிலுவையாக வெட்டின இடத்தில் வைன் ஊற்றினார்கள். ராதிசாவ் ஜெபத்தைத் தொடங்கினார். அவரோடு சேர்ந்து மேசையின் நடுவிலிருந்து இன்னொரு குரல் எழுந்தது. பாதி எழுத்துகளை விழுங்கி, மீதியை உருட்டி, ஒரு வரிகூட விடாமல். கிழவர் ஒரு இடத்தில் தடுமாறினார். பையன் தடுமாறவில்லை, சொல்லிக்கொண்டே போனான். யாரோ ஒரு பொம்பளை மூக்கை உறிஞ்சினாள். திஹோமிர் தட்டைப் பார்த்துக்கொண்டான்.

ஆமென் என்றதும் ராதிசாவ் ரொட்டியை முத்தமிட்டு, யான்கோவின் தலையில் கைவைத்தார். "எனக்கப்புறம் ஓப்ராத். அவனுக்கப்புறம் இவன். எல்லாரும் கேட்டுக்கங்க."

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். சுட்ட ஆட்டுக்கறி வந்தது. முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறி வந்தது. வுகாஷின் விரல் வழிய வழியத் தின்றான். பக்கத்திலிருந்த கிழவன் எலும்பில் கறி உரித்துக் கொடுத்தான். பையன் தன் வாழ்க்கையிலேயே இவ்வளவு பேர் நடுவில் உட்கார்ந்து தின்றது இதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

கறித் தட்டை இன்னும் எடுக்கவில்லை. அதற்குள் ராதிசாவ் தன் கையாலேயே ஒரு தட்டில் காப்பி கொண்டுவந்து ஸ்தானாவின் முன்னால் வைத்தார். ஒரே ஒரு கோப்பை.

இங்கே வந்ததும் கொடுக்கிற காப்பி வரவேற்பு. சாப்பிட்டபின் கொடுக்கிற காப்பி பேச்சுத் துணை. அதற்கும் பின்னால் ஒன்று வரும், யாரும் கேட்காமலே வரும். அது வந்தால் ஆளாளுக்குத் தொப்பியைத் தேட வேண்டும். வீட்டுக்காரன் வாயைத் திறந்து போ என்று சொல்வதில்லை, அவனுக்காகக் காப்பி சொல்லிவிடும். சாயங்காலம் வரவேண்டிய காப்பி நடுமத்தியானம் வந்திருந்தது. மேசை முழுக்கப் பார்த்தது.

"யோவ், கறியே இன்னும் முடியல..." என்று ஆரம்பித்த திஹோமிரை அவன் பெண்டாட்டி முழங்கையால் இடித்தாள்.

ஸ்தானா சர்க்கரையைப் போட்டுக் கலக்கினாள். கசடு நாக்கில் படும்வரை குடித்தாள். அவசரப்படவில்லை. குளிர்கிடங்கில் கூட வேலை பார்க்கும் விதவை நெவென்காவின் அடிவார வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெரு. ஆசிரியை பையனைப் பார்த்துவிட்டு, முதல் பெஞ்சில் போடுங்கள், பார்ப்போம் என்றிருந்தாள். வாக்குறுதி ஒன்றும் கொடுக்கவில்லை, பார்ப்போம் என்றாள், அவ்வளவுதான். அறையைப் போன வாரமே ஸ்தானா கேட்டுவிட்டாள். இன்றைக்கு மட்டும் பார்த்துவிடுவோம் என்று நெவென்காவிடம் பதில் சொல்லாமல் வைத்திருந்தாள். பார்த்தாகிவிட்டது.

எழுந்தாள். பையன் வாயைத் துடைத்தாள்.

"மிலோயே, வர்றியா?"

அவன் குப்பியைப் பிடித்தபடி இரண்டு பக்கமும் பார்த்தான். "விருந்தாளிங்க இருக்காங்கல்ல ஸ்தானா."

"இருக்கட்டும்" என்றாள். அதற்குமேல் அவனிடம் பேச ஒன்றும் இல்லை.

கொசானா சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு ரொட்டித் துண்டு இருந்தது, அந்த ரொட்டியிலிருந்து பிய்த்தது. கொடுப்பதா வேண்டாமா என்று நின்றவள் கொடுக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணிக்குள் கையை மடக்கிக்கொண்டாள்.

விருந்தாளியைக் கதவுவரை கொண்டுவிடுவதும் வீட்டுக்காரன் கடமை. ராதிசாவ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். பிளம் மரத்துக்கும் கதவுக்கும் நடுவே அவர் ஒரு தடவை தொண்டையைச் செருமினார். என்னவோ வரப்போகிறது என்று ஸ்தானா நடையைக் கொஞ்சம் குறைத்தாள். ஒன்றும் வரவில்லை.

கதவருகே வுகாஷின் தாத்தாவின் கழுத்தைக் கட்டி இழுத்து, மாற்றி மாற்றி மூன்று முத்தம் கொடுத்தான். கொழுப்புப் படிந்த வாய். கிழவர் கன்னத்தைத் துடைக்கவில்லை.

"அடுத்த வருசமும் வாங்க" என்றார். போகிறவர்களிடம் எல்லோரும் சொல்வது அது. பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் காதில் விழுந்ததுபோல, தொப்பியைத் தலையில் வைக்க முடியாமல் நின்றார்.

"வரமாட்டோம், மாமா" என்றாள் ஸ்தானா.

பையன் அவள் கையை இடதுபுறம் இழுத்தான். "அம்மா, பட்டி அந்தப் பக்கம்."

"தெரியும்டா" என்று சொல்லிவிட்டு, அவள் வலதுபுறம் அடிவாரத்துக்கு இறங்குகிற ரோட்டில் நடந்தாள்.